கட்டு மாஸ்டர் செய்த முகம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டுக்குள் படுத்தும் பாடு ஊரறிந்தது. சிலர் சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களை உயர வரிசையில் அடுக்குவார்கள். சிலர் பால் போடுகிறவரிடம் சட்டம் பேசுவார்கள். கட்டு மாஸ்டர் வீட்டிலிருந்த பொருள்களுக்கெல்லாம் கட்டுப் போட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுவதுதான் அவருடைய வேலையாக இருந்தது. டாக்டர் எலும்பை இழுத்து நேர்ப்படுத்திப் பிடித்துக்கொள்ள, இவர் பஞ்சு சுற்றி, மாவுத் துணியைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கியதும் எடுத்துப் பிழிந்து சுற்றுவார். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது வெளுத்துப்போன காலம்வரை அதே அறை, அதே தொட்டி. ஊரில் பாதிப் பேருடைய கையோ காலோ அவர் கைக்கு வந்து போனதுதான். தெருவில் யாராவது "மாஸ்டர், சௌக்கியமா?" என்றால் ஆள் தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். பார்வை அந்த ஆளின் மணிக்கட்டுக்கு இறங்கியதும்தான் தெளிவார். "அடடே, நீங்களா! மாடிப்படியில வழுக்கினவர்தானே? நல்லா சேந்திருக்கே!" என்பார். முகத்தைப் பார்த்து ஆளை அறிகிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை. அதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஆளுக்குத்தான் ஓய்வு கொடுத்தார்களே தவிர, கைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நாற்காலிக் கால் ஆடியது, கட்டுப் போட்டார். துடைப்பத்தின் பிடி விரிசல் விட்டது; அதற்கும் கட்டு. குளியலறைக் குழாய் சொட்டியது. கட்டுப் போட்ட பிறகும் சொட்டியது. கட்டை நனைத்துக்கொண்டு சொட்டியது என்பதுதான் வித்தியாசம்.

"வீட்ல எல்லாத்துக்கும் போட்டாச்சு. பாக்கி நான் ஒருத்திதான். எந்தக் கையில ஆரம்பிக்கறதா உத்தேசம்?" என்றார் அவர் மனைவி.

அந்த அம்மாள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே ஆபரேட்டரம்மா. சுருக்கமாகப் பேசுவார், சுருக்கென்றும் பேசுவார். அன்று மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசினார்.

"உடைஞ்சத ஒட்டிக்கிட்டே எத்தன நாளைக்கு உக்காந்திருப்பீங்க? புதுசா ஏதாவது பண்ணுங்களேன். உங்க கையில இருக்கற பக்குவம் எத்தன பேருக்கு இருக்கு?"

"புதுசான்னா, என்ன பண்றது?"

"அதையும் நானே சொல்லிட்டா அப்புறம் அது என்ன புதுசு?"

மாஸ்டர் யோசித்தார். நூலகத்து அறிவிப்புப் பலகையில் முதியோருக்கான கலை வகுப்பு என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பெண் எல்லார் முன்னாலும் வண்ணப் பென்சில் டப்பாவை வைத்து, "மனசுக்கு என்ன தோணுதோ வரைங்க தாத்தா" என்றாள். அவர் மனத்துக்குத் தோன்றியது முழங்கை மூட்டு. கச்சிதமாக வரைந்தார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "அழகான மரம் தாத்தா!" என்று கைதட்டினாள். மறுவாரம் அவர் போகவில்லை. வயதானவர்களுக்குக் கற்பனையை வளர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதல் காரியமாக அவர்களைப் பாலர் வகுப்பில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அறுபது வருடம் வாழ்ந்த கைக்குப் பென்சிலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அதற்கு வேண்டியது வேறு.

வேண்டியது என்ன என்பதைப் பழைய தலையணை ஒன்று காட்டிக்கொடுத்தது. ஒரு காலையில் ஆபரேட்டரம்மா எழுந்து போன பிறகு அவர் தலையணையில் தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஞ்சு எழும்பிவிடும், பள்ளம் போய்விடும் என்று தோன்றியது. ஓடிப்போய் மாவைக் கரைத்தார். மெல்லிய பாலிதீன் தாளை மேலே விரித்து, பள்ளத்துக்கு ஒன்றும் ஆகாமல் மாவைப் பக்குவமாக ஊற்றினார். இறுகியதும் தூக்கிப் பார்த்தார். மனைவியின் தலை அழுந்திய இடம் வெள்ளைவெளேரென்று கையில் இருந்தது. காதுமடல் பதிந்த இடம்கூடத் தெரிந்தது.

அந்தப் பெரிய மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆபரேட்டரம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என் தல இவ்வளவு கனமா?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றார். முன்னது வேடிக்கை, பின்னது வேடிக்கை இல்லை என்பது மாஸ்டருக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் வேலையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவர் போட்ட கட்டெல்லாம் வெட்டி எறிவதற்காகப் போட்டவை. வைத்துக்கொள்வதற்காக அவர் செய்த முதல் பொருள் அதுதான்.

பிறகு அது தினப்படி வழக்கமானது. காலைக் காபி முடிந்ததும் சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். காய்கறிப் பையின் சுருக்கம், தேய்ந்த செருப்பின் குழி, மகள் சின்ன வயதில் பல்லால் கடித்து வைத்த மேஜை விளிம்பு என்று வீட்டில் எது அழுந்தியிருக்கிறதோ, எது குழிந்திருக்கிறதோ அதற்கெல்லாம் அச்சு எடுத்தார். ஆரம்பத்தில் எல்லாமே பெருத்துப் பெருத்து வந்தன. தன் இடக்கையையே அச்செடுத்தபோது அது தேனீ கொட்டிய கைபோல வந்தது. யோசித்துப் பார்த்தால், பழக்கதோஷத்தில் முதலில் பஞ்சு சுற்றியிருக்கிறார். முறிந்த இடம் வீங்கும், வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். "வீங்காததுக்கு எதுக்குங்க இடம் விடறீங்க?" என்று ஆபரேட்டரம்மா கேட்ட பிறகுதான் உறைத்தது. அந்தப் பாடத்தை மறக்க அவருக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது.

மாடி வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். இறங்கிவந்து நோட்டம் விடாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. மாவுத் தலையணையைத் தட்டிப் பார்த்து, "இதுல படுத்தா கழுத்து முறியும். நல்லவேளை, கட்டுப் போட ஆளு வீட்லயே இருக்கு" என்றார். இன்னொரு நாள், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, மாஸ்டர்? இந்த வயசுல கலைஞராகி என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"வளையாததையெல்லாம் வளைச்சுக் கட்டினவன்தான் சார் நான்" என்றார் மாஸ்டர்.

வாத்தியார் என்ன சொன்னாலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பொருளை முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு போக ஒரு ஜன்னல் இருந்தது. அதை வாங்கித் திருப்பிப் பார்க்க ஒருத்தி இருந்தாள். இந்த மடிப்பு ஏன் மழுங்கிப் போச்சு, இந்த ஓரம் நல்லா வந்திருக்கு, இது நேத்தைக்குப் பண்ணினதவிட மட்டம் என்று ஆபரேட்டரம்மா சொல்லச் சொல்ல, மறுநாள் கை தானாகத் திருத்திக்கொள்ளும். முதுமையில் கலை வளர்வது இப்படித்தான். வகுப்பும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஜோடிக் கண் போதும்.

அந்த ஜோடிக் கண்தான் கெட்டுப்போனது.

முதலில் ஆபரேட்டரம்மா கதவு நிலை கோணலாகத் தெரிகிறது என்றார். மாஸ்டர் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, நேராகத்தான் இருக்கிறது என்று சாதித்தார். பிறகு ஒருநாள் காபி கொடுக்கும்போது அவரை உற்றுப் பார்த்து, "என்னங்க, உங்க மூக்கக் காணோம்" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் மூக்கு வரவில்லை.

கண் டாக்டர் விளக்கினார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது. ஓரம் தெரியும், நடு தெரியாது. நடக்கலாம், சமைக்கலாம், சுவரில் மோதிக்கொள்ள மாட்டார். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது இருக்காது. அங்கே ஒரு மங்கல்தான் இருக்கும். வலக்கண் ஏற்கெனவே போய்விட்டது, இடக்கண் போய்க்கொண்டிருக்கிறது.

"எவ்வளவு நாள்ல சரியாகும் டாக்டர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

அவர் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கெடு உண்டு. கைக்கு இத்தனை வாரம், காலுக்கு இத்தனை வாரம். அசையாமல் பிடித்து வைத்தால் எலும்பு தானே சேர்ந்துகொள்ளும். டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்த வகைக்கு ஊசி இல்லை, அறுவை இல்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை தருகிறேன் என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது மாஸ்டரின் கைகள் மடியில் கிடந்தன. அந்தக் கைகளால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

ஆபரேட்டரம்மா எப்படியோ பழகிக்கொண்டார். யாரோடு பேசினாலும் அவர்கள் தோளையோ காதையோ பார்ப்பார். அப்போதுதான் முகம் ஓரத்தில் கொஞ்சம் தெரியும். மாடி வாத்தியார் தனக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பழகாமல் போனவர் மாஸ்டர்தான். மேஜையில் செய்தித்தாள் விரிக்கவில்லை. வாங்கி வைத்த மாவுப் பை ஈரம் குடித்து ஒரு மூலையில் கட்டிதட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஒண்ணும் பண்ணலியா?"

"பண்ணி யாரு பாக்கறதுக்கு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆபரேட்டரம்மா ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு கொடிப்பக்கம் போனார்.

அந்த வாரத்தில்தான் மாஸ்டருக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றால் அவருக்குள் இருந்த பயம்தான் அப்படி வேடம் போட்டுக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அவள் கண்ணிலிருந்து தன் முகம் போய்விடும்; போனால் தான் ஒரு குரலும் இருமலுமாகத்தான் மிஞ்ச வேண்டும். அதற்குள் தன் முகத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டால்? கண் கொஞ்சமாவது தெரியும்போதே பார்த்துக்கொண்டு தொட்டால், விரலுக்குப் பழகிவிடும். கண் போன பிறகும் விரல் வைத்ததும் முகம் வந்துவிடும்.

"எனக்கு எதுக்குங்க அச்சு? முப்பது வருஷம் முகமே தெரியாத ஆளுங்களோட பேசிப் பொழச்சவ நான். 'ஹலோ'ங்கற சத்தத்துலயே ஆள் கோவமா இருக்காரா, அழுதுட்டு இருக்காரான்னு சொல்லிடுவேன். உங்க குரல் எனக்குப் போதும்" என்றார் ஆபரேட்டரம்மா.

"உனக்குப் போதும். எனக்குப் போதாது."

ஆபரேட்டரம்மா அவர் காதைப் பார்த்தார். அதாவது, அவர் முகத்தைப் பார்த்தார். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கை இப்போது மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த மனுஷனை மறுபடியும் மேஜைக்குக் கொண்டுவர இதுதான் வழி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "சரி, பண்ணுங்க" என்றார்.

பண்ணுவது மாஸ்டர் இல்லை என்பதுதான் சிக்கல். தன் முதுகைத் தானே தேய்த்துக்கொள்ளலாம். தன் முகத்துக்குத் தானே மாவுக்கட்டுப் போட முடியாது. மகளைக் கேட்டார்கள். தொலைபேசியிலேயே அவள், "ஐயோ அப்பா, மூச்சு முட்டிடுச்சுன்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ஆக, பாதிக் கண்ணோடு ஆபரேட்டரம்மாதான் போட வேண்டும் என்று ஆனது.

மாஸ்டர் மாவுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கினார். பச்சைத் தண்ணீர் வை, வெந்நீர் வேண்டாம், சீக்கிரம் இறுகிவிடும் என்றார். மீசைக்கும் புருவத்துக்கும் வாசலின் பூசிக்கொண்டார். மூக்குத் துவாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதே என்று மூன்றாம் தடவை சொன்னபோது, "உங்கள முடிக்கணும்னா இவ்வளவு வருஷம் காத்திருப்பேனா?" என்று கேட்டார் ஆபரேட்டரம்மா. மாஸ்டர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் ஏறி மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். மாவு வாய்க்குள் போய்விடாமல் உதட்டை இறுக்கிக்கொண்டார். அசையக் கூடாது. வாழ்நாள் பூராவும் மற்றவர்களுக்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை அது.

நெற்றியில் முதல் துண்டு ஜில்லென்று விழுந்தது. பிறகு மனைவியின் விரல்கள். ஓரப் பார்வையில் தேடித் தேடி, பிடிபடாத இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து அவர் ஒட்டினார். கன்னத்து எலும்பு, மூக்குத்தண்டு, தாடை. இத்தனை வருடக் குடித்தனத்தில் இவ்வளவு நிதானமாக அவள் தன் முகத்தைத் தொட்டதில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. "இங்க ஒரு தழும்பா? இத்தன நாளா நான் பாத்ததே இல்லியே" என்று மேலே குரல் கேட்டது. பதில் சொல்ல வாய் இல்லை. மாவு இறுகி மெல்லச் சூடு பிடித்தது. மாஸ்டர் அதற்குள் சந்தோஷமாக இருந்தார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இந்தச் சந்தோஷம் முகத்தில் பதிந்திருக்கும், அவள் தொட்டால் அவளுக்குத் தெரியும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

முகத்தில் இறுகிய உறையைக் கழற்றி, உள்ளே எண்ணெய் தடவி, மாவு ஊற்றி முகத்தை வார்த்தது அவரேதான். ஒருநாள் முழுக்கக் காயவிட்டார். மூக்கு நுனிகூடச் சிதையாமல் பிரித்தெடுத்தார். சுருக்கம், மீசை, மனைவி கண்டுபிடித்த தழும்பு எல்லாம் அதில் இருந்தன. செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று நினைத்தார், அது உண்மையும்கூட. ஜன்னல் ஓரத்தில் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் மல்லாத்தி வைத்து, மனைவியைக் கூப்பிட்டார்.

காலை வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்திருந்தது. ஆபரேட்டரம்மா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, மிச்சமிருந்த கண்ணுக்குத் தோதான கோணத்தைத் தேடினார். கறுப்பின்மேல் வெள்ளை; அசையாத பொருள்; நல்ல வெளிச்சம். தேடியது கிடைத்துவிட்டது.

"தெரியுதுங்க" என்றார் வியப்போடு. "நல்லாவே தெரியுது. முழுசாத் தெரியுது!"

"தொடு. பாத்துக்கிட்டே தொடு" என்றார் மாஸ்டர்.

விரல் நெற்றியைத் தொட்டு, புருவத்தைத் தாண்டி, இமைமேல் இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணு மூடியிருக்கு."

"ஆமா, மாவு உள்ள போயிடக் கூடாதில்ல."

விரல் உதட்டுக்கு இறங்கியது. ஜில்லென்று இறுகிக் கிடந்த உதடு. ஆபரேட்டரம்மா கையைச் சட்டென்று இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"தூங்கற மாதிரின்னு நெனச்சுக்கயேன்" என்றார் மாஸ்டர். அவருக்கு இன்னும் புரியவில்லை.

"தூங்கும்போது உங்க வாய் திறந்திருக்கும்ங்க." குரல் உடைந்தது. "இத எடுத்துடுங்க. என்னைக்கோ ஒருநாள் பாக்க வேண்டியிருக்குமேன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தத இன்னைக்கே கொண்டுவந்து காட்டறீங்களே! எடுத்துடுங்க!"

ஆபரேட்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மாஸ்டர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அதை ஒரு முகமாகப் பார்த்தார். அதுவரை நெற்றி, எலும்பு, தழும்பு, மீசை என்று வேலையைத்தான் பார்த்திருக்கிறார். கட்டுவது, இறுகுவது, பிரிப்பது என்று கையையும் காலையும் போலவே முகத்தையும் நினைத்துவிட்டார். கைக்குக் கண் கிடையாது. முகத்துக்கு உண்டு என்பது அவருக்குத் தோன்றாமலே போய்விட்டது. கறுப்புத் துணிமேல் அவரே செத்துக் கிடந்தார். உள்ளேயிருந்த சந்தோஷத்தில் ஒரு துளிகூட வெளியே பதியவில்லை.

திருத்திவிடலாம் என்று நினைத்தது அவருடைய அடுத்த அறியாமை. சின்னக் கத்தியால் இமையைச் செதுக்கி இடக்கண்ணைத் திறக்கப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மூடித்தான் பழக்கம், திறக்கத் தெரியவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழிதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, பழைய துண்டில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். "நல்லதுன்னு நெனச்சுத்தானப்பா பண்ணீங்க" என்று அவள் சொன்னது அவருக்கு இன்னும் வலித்தது.

ஆபரேட்டரம்மாவுக்குக் கோபம் ஒரு நாளில் ஆறிவிட்டது. ஆனால் வேறொன்று ஆறவில்லை. "கண்ண மூடினா அந்த மாவு முகம்தாங்க வந்து நிக்குது" என்றார். மகள் பழைய போட்டோக்களை எடுத்து வந்தாள். அந்தக் கண்ணுக்குப் போட்டோ எல்லாம் பொடி எழுத்து. கல்யாணப் படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரோ சின்னப் பையன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு மாஸ்டர் தினமும் காலையில் அதே ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெயில் முகத்தில் விழும்படி, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தார். ஆபரேட்டரம்மா எதிரில் உட்கார்ந்து, அவர் காதைப் பார்த்து, தோளைப் பார்த்து, தலைக்கு மேலே பார்த்து, அந்தக் கண்களைப் பிடிக்கப் பார்த்தார். மாவு முகம் அசையாமல் கிடந்தது, அதனால் பிடிபட்டது. உயிருள்ள முகம் எவ்வளவு அடக்கினாலும் கொஞ்சம் அசைகிறது, இமைக்கிறது, வெயில் பட்டு நீர் வழிகிறது. "வருது, வருது... போயிடுச்சு" என்பார். மறுபடியும் தேடுவார். மாஸ்டர் சுவாசத்தைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் போதும் என்று அவர் மனம் கெஞ்சியது. யாரிடம் கெஞ்சுவது என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் சொன்னதைவிடச் சீக்கிரமாகவே இடக்கண்ணின் நடுவும் போய்விட்டது. ஒரு காலையில் ஆபரேட்டரம்மா கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "போதும்ங்க, எழுந்திருங்க. உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார். அதற்குப் பிறகு ஜன்னலோரத்துக்கு அவர் வரவில்லை.

மாடி வாத்தியார் ஒருநாள் இறங்கிவந்து, வழக்கமான கேலிக்கு ஒன்றும் கிடைக்காமல் வெறும் மேஜையைப் பார்த்தார். "என்ன மாஸ்டர், கடைய மூடிட்டீங்களா?" என்றார். உள்ளேயிருந்து ஆபரேட்டரம்மாதான் பதில் சொன்னார்: "அவர் மறுபடியும் ஆரம்பிப்பார் சார். நான்தான் பாத்துச் சொல்லணுமா? தொட்டுப் பாத்துச் சொல்றேன்."

வாத்தியார் போன பிறகு மாஸ்டர் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தொட்டுப் பாத்துச் சொல்றேன்னியே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு உங்கமேல ஒரு வருத்தமும் இல்லைங்க. ஆசையாப் பண்ணீங்க. எவ்வளவு நல்லாப் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியாதா? மட்டமாப் பண்ணியிருந்தா எப்பவோ மறந்திருப்பேன்."

அதைவிடப் பெரிய பாராட்டை மாஸ்டர் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு அவரால் அங்கே உட்காரவும் முடியவில்லை.

இப்போதெல்லாம் விடிந்ததும் படுக்கையில் ஒரு கை ஊர்ந்து வருகிறது. தோளைத் தாண்டி, தாடையைத் தாண்டி, மாஸ்டரின் கண்மேல் வந்து ஒரு விரல் உட்காருகிறது. அவர் எப்போதோ விழித்துவிட்டவர். இந்தக் கைக்காகவே காத்துப் படுத்திருப்பவர். ஆனாலும் விரல் வரும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். திறப்பது அவளுக்குத் தெரிய வேண்டுமே.

"திறங்க" என்கிறார் ஆபரேட்டரம்மா.

இமை விரலுக்கடியில் மேலே போகிறது. ஆபரேட்டரம்மா மூச்சு விடும் சத்தம் கேட்கிறது.

"இப்பவும் அந்த முகம்தாங்க வருது" என்கிறார். "இன்னொரு தடவ திறங்க."

மாஸ்டர் கண்ணை மூடி, மறுபடியும் திறக்கிறார்.